கணினிக் கணக்கும் அங்கத்தினர் கடமையும்

பேரேடும் ரொக்கப் புத்தகமும் கணினிக்குள் புகுந்துவரும் காலம் இது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐ ஒரே பொது மென்பொருளின் கீழ்க் கொணரும் திட்டத்தை, ரூ. 2,516 கோடி மதிப்பீட்டில், மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ல் ஏற்றது. இத்தகைய பொதுத் திட்டத்தில் சேராது, சொந்தமாக மென்பொருள் நிறுவும் சங்கங்களே மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நெசவாளர் அறியாததன்று இது. ஜக்கார்டு தறியில் சித்திரம் மாற வேண்டின் தறியைப் பிரிப்பதில்லை. துளையிட்ட அட்டைகளையே மாற்றுகிறோம். மென்பொருளும் அவ்வாறே அமைதல் நன்று. நிரல் தறியைப் போன்றது, அது மாறாதிருக்கட்டும். வட்டி விகிதம், பங்கின் மதிப்பு, கணக்குகள் சேமிக்கப்படும் கணினியின் முகவரி முதலியன அட்டையைப் போன்றவை. அவை தனியே ஓர் அமைப்புக் குறிப்பில் இருக்கட்டும். வட்டியை நிரலுக்குள்ளேயே பொதிந்துவிட்டால், கால் சதவிகிதம் மாறினும் நிரலாளரைத் தேடி ஓட நேரும்.

ஒரு கணினியில் நன்கு இயங்கிய மென்பொருள் மற்றொன்றில் இயங்க மறுப்பதும் உண்டு. துணை நிரல்களின் பதிப்பு வேறுபடுவதே பெரும்பாலும் காரணம். 2013-ல் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி, மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணை நிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டித் தருகிறது. கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டியை ஒத்தது இது. இறக்கும் துறை எதுவாயினும் உள்ளிருப்பது கலைவதில்லை. பல கணினிகளில் பல பொதிகளை மேய்க்கும் குபெர்நெட்டிஸை 2014-ல் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதனைப் பராமரிப்பதே தனித் தொழிலாதலால், ஒரு கணினியில் அடங்கும் சிறு சங்கத்துக்கு அது வேண்டுவதில்லை.

அமைப்பு விவரம் யாவும் ஒரே பணியாளரின் நினைவில் மட்டும் தங்குவதே பெரும் அபாயம். அவர் விலகியபின் கணினி பழுதுற்றால், விதைப்புக் காலத்தில் பயிர்க்கடன் தடைப்படும். நெசவாளரின் கூலிப் பட்டுவாடாவும் நிற்கும். சங்கத்தின் சொத்து ஒருவர் மனத்தில் பூட்டிக் கிடத்தல் கூட்டுறவாகாது.

ஆகவே, அங்கத்தினர்கள் பொதுக்குழுவில் மூன்று வினாக்களை எழுப்புவார்களாக. அமைப்புக் குறிப்பு எழுத்து வடிவில் சங்கத்தின் வசம் உள்ளதா? அதில் மாறுதல் செய்தவர் பெயரும் தேதியும் பதிவாகின்றனவா? அக்குறிப்பையும் காப்புப் பிரதியையும் மட்டும் கொண்டு, வேறொரு கணினியில் ஒருமுறை நிறுவிப் பார்த்தார்களா? கடவுச்சொற்களை மட்டும் அக்குறிப்பில் எழுதாது, பெட்டகச் சாவியைப் போல் தனியே காத்தல் வேண்டும்.

மூன்றாம் வினாவுக்கு 'ஆம்' என்னும் விடை வரும்வரை, கணினிமயம் முற்றுப்பெற்றதாக எந்த நிர்வாகக் குழுவும் தீர்மானம் எழுதலாகாது.