நஞ்சு மருந்தான கதை: அறுவைக்குப் பிந்திய வலியும் போட்டுலினமும்

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் திரும்பும்போது தேயிலைப் பொட்டலமும் ஒரு போத்தல் தேனும் வாங்கிச் செல்வது வழக்கம். இங்கேயே வாழும் லெம்பா பெர்த்தாம் குடும்பங்களிலும் தேனுக்கு ஓர் இடம் உண்டு. குழந்தை பிறந்தால் விரல் நுனியில் தேனைத் தொட்டுச் சேனை வைக்கப் பாட்டிமார்கள் ஆசைப்படுவார்கள். ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேனும் கூடாது என்று கிளினிக் தாதி கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்.

தேனில் அப்படி என்ன இருக்கிறது? கிளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சில வேளைகளில் அதில் கலந்திருக்கும். உலகெங்கும் மண்ணில் வாழும் உயிரி இது. நம் காய்கறித் தோட்ட மண்ணும் அதற்கு விலக்கன்று. பெரியவர்களின் குடலில் இந்த வித்துகள் முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும்.

மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியது இதுதான். அதே நஞ்சை இன்று மருத்துவர்கள் ஊசியில் ஏற்றுகிறார்கள். முகச் சுருக்கம் நீக்கும் 'போட்டோக்ஸ்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது அதுவே. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வலியைத் தணிக்கவும் அது உதவுமா என்ற கேள்வியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்து வருகின்றன.

தொத்திறைச்சியில் தொடங்கியது

'போட்டுலஸ்' என்றால் லத்தீன் மொழியில் தொத்திறைச்சி. ஜெர்மனியில் கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்று மக்கள் இறந்தபோது, அதை ஆராய்ந்தவர் யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர். அவர் ஒரு கவிஞரும்கூட. அந்த நஞ்சைத் தம் நாக்கிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால் இது மருந்தாகலாம் என்று 1822-லேயே எழுதி வைத்தார்.

1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஓர் இறப்பு வீட்டில் வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றி இறைச்சி உண்டு நோயுற்றனர். மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவர் எமில் வான் எர்மெங்கெம்.

கெர்னரின் கனவு பலிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்கக் கண் மருத்துவர் அலன் ஸ்காட், மாறுகண்ணைக் கத்தி வைக்காமல் சரிசெய்ய வழி தேடினார். கண்ணை ஒரு பக்கம் இழுக்கும் தசையில் இந்த நஞ்சைத் துளியளவு செலுத்தித் தளர்த்தினார். 1989-இல் அமெரிக்க அரசு இதை மருந்தாக ஏற்றுக்கொண்டது.

அளவுதான் இங்கே எல்லாம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு நானோகிராம் என்று பெயர். 100 அலகு கொண்ட ஒரு போட்டோக்ஸ் குப்பியில் உள்ள நஞ்சு ஏறக்குறைய ஒரு நானோகிராம்தான்.

நரம்பு முனையில் நடப்பது

உயிரியல் பாடத்தில் நரம்பு இணைப்பைப் படித்திருப்பீர்கள். நரம்பின் முனையில் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிறு சிறு பைகளில் காத்திருக்கும். மூளையிலிருந்து கட்டளை வந்ததும் பைகள் நரம்பின் சுவரோடு ஒட்டித் திறக்கும், வேதிப்பொருள் வெளியே கொட்டும், தசை சுருங்கும்.

பைகளைச் சுவரருகே இழுத்துப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று 'ஸ்நாப்-25'. தேயிலை மூட்டையை லாரியில் ஏற்றும் கொக்கி போன்றது அது. போட்டுலினம் நச்சின் 'ஏ' வகை அந்தக் கொக்கியை நறுக்கிவிடுகிறது. மூட்டைகள் இருக்கும், ஏற்ற வழியிருக்காது. கட்டளை வந்தும் தசை அசையாது. நரம்பு இறப்பதில்லை. ஏறக்குறைய மூன்று மாதங்களில் இணைப்பு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். உயிரணுக்களுக்குள் இந்தப் பைகளின் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2013-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கு இந்த ஊசியைப் போட்டபோது மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தனர். தசை தளர்ந்த அளவைவிட வலி குறைந்த அளவு கூடுதலாக இருந்தது. வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளும் தங்கள் செய்தியை இதே போன்ற பைகளில் வைத்துத்தான் அனுப்புகின்றன. அங்கேயும் கொக்கி அறுபடுகிறது என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010-இல் அமெரிக்காவில் இந்த ஊசி அனுமதி பெற்றது.

அறுவைக்குப் பின் ஏன் இத்தனை வலி?

கத்தி பட்ட இடம் வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலரும் அறியாத இன்னொரு காரணம் உண்டு. காயத்தைச் சுற்றியுள்ள தசை தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இறுக்கம் வலியைக் கூட்டும். வலி இறுக்கத்தைக் கூட்டும்.

மூலநோய் அறுவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆசனவாயின் உள்தசை இறுகுவதால், மலம் கழிக்கவே நோயாளி அஞ்சுவார். மார்பின் போன்ற வலுவான வலி மருந்து கொடுத்தால் வாந்தி, மயக்கத்தோடு மலச்சிக்கலும் வரும். அது நிலைமையை மேலும் மோசமாக்கும்.

இங்கிலாந்து மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அறுவை செய்துகொண்ட 50 பேரில் ஒரு பாதிக்குப் போட்டுலினமும் மறுபாதிக்கு வெறும் உப்பு நீரும் ஊசியில் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வலியைப் பதிவு செய்தவருக்கும் தெரியாது. ஆறாம், ஏழாம் நாள்களில் போட்டுலினம் பெற்றவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. முதல் நாள்களில் பெரிய வேறுபாடில்லை. இந்த மருந்து வேலை தொடங்கவே சில நாள்கள் பிடிக்கும் என்பதே காரணம்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், பெருமூளை வாதம் கொண்ட 16 குழந்தைகளுக்கு இடுப்பருகே தசை அறுவை செய்வதற்குச் சில நாள்கள் முன்னரே ஊசி போட்டுப் பார்த்தனர். 2000-இல் வெளியான முடிவின்படி, உப்பு நீர் பெற்ற குழந்தைகளைவிட இவர்களின் வலி மதிப்பெண் 74 விழுக்காடு குறைந்தது. வலி மருந்தின் தேவை ஏறக்குறைய பாதியானது.

அற்புதம் என்று இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். ஆனால், அறிவியல் நிறுத்தவில்லை. இதே நோயுள்ள குழந்தைகளின் பெரிய இடுப்பு அறுவையில், பிரிட்டனில் 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. போட்டுலினத்துக்கும் உப்பு நீருக்கும் வேறுபாடு தெரியவில்லை. எலும்பை வெட்டும் அறுவையில் வலிக்குத் தசை இறுக்கம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஓர் அறுவையில் பலித்தது எல்லா அறுவையிலும் பலிக்கும் என்று சொல்லக்கூடாது என்ற பாடம் கிடைத்தது.

ஆகவே, அறுவைக்குப் பிந்திய வலிக்கு இது இன்னும் வழக்கமான மருந்தாகவில்லை. ஆசனவாய்த் தசை தளர்ந்தால், காற்றையும் மலத்தையும் அடக்க முடியாத நிலை சிலருக்குத் தற்காலிகமாக வரலாம். மருந்து பரவினால் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்படலாம். சமூக ஊடகத்தில் பார்த்துவிட்டு, பதிவு பெற்ற மருத்துவர் அல்லாதவரிடம் மலிவு விலையில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

லண்டன், ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, இந்த நச்சின் வெட்டும் பகுதியைப் பிரித்தெடுத்து, வலிச் செய்தியைக் கடத்தும் முதுகுத்தண்டு உயிரணுக்களை மட்டும் தேடிச் செல்லும் மூலக்கூறோடு இணைத்தது. ஒரே ஊசியில் எலிகளின் நாள்பட்ட வலி பல வாரங்கள் குறைந்ததாக 2018-இல் அறிவித்தது. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழி நீண்டது. அந்த வழியில் நடக்க மருந்தியல், நரம்பியல், மயக்க மருத்துவம், உடலியக்கச் சிகிச்சை படித்தவர்கள் வேண்டும். உங்களில் சிலருக்கு அங்கே இடம் இருக்கிறது.

பத்துக்கு எத்தனை?

அதற்குமுன், இன்றே நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. மலேசியச் சுகாதார அமைச்சு 2008 முதல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்றுள்ளது. காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைக் குறிப்பதுபோல, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று தாதியர் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த எண் உதவும்.

தானா ராத்தா மருத்துவமனையிலோ ஈப்போவிலோ அறுவை முடிந்து படுத்திருக்கும் நம் பாட்டியிடம் தாதி மலாயில் இதைக் கேட்பார். கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து மலைச்சரிவில் காலம் கழித்தவர் அவர். "பரவாயில்லப்பா, தாங்கிக்கிறேன்" என்பார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தான். "வலி இல்லையாம்" என்று நாம் சொல்லிவிட்டால், படிவத்தில் பூஜ்யம் ஏறிவிடும்.

தாங்கிக்கொள்வதால் காயம் சீக்கிரம் ஆறுவதில்லை. வலியால் நன்றாக மூச்சு இழுக்காமலும் எழுந்து நடக்காமலும் படுத்தே கிடந்தால், நுரையீரலில் சளி தேங்கும். காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். இருநூறு ஆண்டுகளாக ஒரு கொடிய நஞ்சைக்கூட விடாமல் ஆராய்ந்து வலிக்கு வழி தேடுகிறார்கள். அந்தத் தேடலின் பயன் பாட்டியைச் சேர, முதலில் அவர் வலியை யாராவது கேட்க வேண்டும்.

அடுத்த முறை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: "மூச்சை இழுத்து விடும்போது வலிக்குதா பாட்டி? எழுந்து உட்காரும்போது? பத்துக்கு எத்தனை?" அவர் சொல்லும் எண்ணைக் குறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள்.