கார் சப்வூஃபரை வீட்டில் மாட்டலாமா? ப்ளக்கில் சொருகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வார இறுதியில் பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சுற்றுலா வேன்கள் சில, கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். 'டம் டம்' என்று அதிரும் அந்த பேஸ் சத்தத்தைக் கொடுப்பது சப்வூஃபர். வண்டியை விற்கும்போது கழற்றிய சப்வூஃபர் வீட்டில் சும்மா கிடந்தால், "டிவியோட மாட்டிடலாமே" என்று தோன்றும். தாராளமாக மாட்டலாம். ஆனால், கரண்ட் கொடுக்கும் விதத்தில் தப்பு செய்தால் ஆம்ப் கருகும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கார் கரண்ட் வேறு, வீட்டு கரண்ட் வேறு

காரில் இருப்பது 12 வோல்ட் டிசி. வீட்டு ப்ளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி. அதனால் கார் ஆம்ப்பை நேரடியாக ப்ளக்கில் கொடுக்கவே கூடாது. இடையில் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வேண்டும்.

எத்தனை ஆம்பியர் தேவை?

வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தருவது வெறும் 24 வாட். அது பத்தாது. 200 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ்-டி ஆம்ப், 80 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 250 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 21 ஆம்பியர். எனவே 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பாதுகாப்பானது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'பீக்' வாட்டை நம்பாமல், ஆர்எம்எஸ் அளவைப் பாருங்க.

எஸ்எம்பிஎஸ்ஸில் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கலாம். குழந்தைகள் கை படாதபடி மூடி, எர்த் உள்ள மூன்று பின் ப்ளக்கில் மாட்ட வேண்டும். 12 வோல்ட் வயரில் ஃப்யூஸும் அவசியம். இந்த வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது.

கரண்ட் கொடுத்தும் ஆம்ப் ஆன் ஆகலையா?

கார் ஆம்ப்பில் பிளஸ், கிரவுண்ட் தவிர 'ரிமோட்' என்று மூன்றாவது முனை இருக்கும். அதற்கும் 12 வோல்ட் கிடைத்தால்தான் ஆம்ப் ஆன் ஆகும். பிளஸ்ஸில் இருந்து ஒரு ஸ்விட்ச் வழியாக ரிமோட்டுக்கு வயர் கொடுத்தால் போதும்.

வீட்டு ஆம்ப்பிலேயே மாட்டலாமா?

இங்கே ஓம் கணக்கு முக்கியம். கார் சப்வூஃபர்கள் பெரும்பாலும் 4 ஓம் அல்லது 2 ஓம். வீட்டு ஆம்ப்கள் பல 6 முதல் 8 ஓமுக்கானவை. ஓம் குறைந்தால் ஆம்ப் அதிக கரண்ட் தள்ளி சூடாகும். சப்வூஃபரில் இரண்டு 4 ஓம் காயில்கள் இருந்தால், சீரிஸில் இணைத்து 8 ஓம் ஆக்கலாம். பேரலலில் இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும், உஷார்!

காரில் இருந்த அதிர்வு வீட்டில் இல்லையே?

கார் சின்ன, மூடிய இடம் என்பதால் பேஸ் தானாகவே கூடித் தெரியும். ஹாலில் அது குறையும். வால்யூமை ஏற்றுவதற்கு முன், பெட்டியை அறையின் மூலையில் வைத்துப் பாருங்க, பேஸ் கூடும். லோ-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் அருகே வைத்துத் தொடங்கலாம்.

பக்கத்து வீட்டையும் யோசிங்க

ஒகேனக்கல் அருவியைத் தூரத்தில் இருந்து கேட்டால் சலசலப்பு அடங்கி, ஆழ்ந்த இரைச்சல்தான் மிஞ்சும். பேஸும் அப்படித்தான், சுவர் தாண்டியும் போகும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணிக்கு மேல் அந்த ரிமோட் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.