எண்ணெய் படிந்த கரை

அணுசக்தி நகர்க் குடியிருப்புகளுக்குப் பின்னே ட்ராம்பே குன்று நிற்கிறது. குன்றின் மறுபுறத்தில் மும்பைத் துறைமுக வளைகுடா விரிந்து கிடக்கிறது. வளைகுடாவின் மேற்குக் கரையில் பழைய மும்பைத் துறைமுகமும், எதிர்க்கரையில் நவ சேவா என்னும் இடத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகமும் உள்ளன. நடுவே எலிபெண்டாத் தீவு. துறைமுகங்கள் இரண்டாயினும், திறந்த கடலிலிருந்து பெருங்கப்பல்கள் உள்ளே வருவதற்குரிய ஆழ்நீர்ப் பாதை ஒன்றே. இரண்டு அறைகளுக்கு ஒரே வாசல் இருப்பதைப் போன்ற அமைப்பு அது. அந்த வாசலில் 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் காலை இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன.

நவ சேவாவிலிருந்து வெளியே சென்றுகொண்டிருந்த கப்பலின் பெயர் எம்.எஸ்.சி. சித்ரா. அது ஏறத்தாழ 1,200 கொள்கலன்களை அடுக்கிச் சென்ற சரக்குக் கப்பல். கடலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது கலிஜியா-3 என்னும் மற்றொரு சரக்குக் கப்பல். மோதலில் சித்ராவின் பக்கச் சுவர் கிழிந்தது. கப்பல் ஒருபுறமாகச் சாய்ந்தது. மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். ஆனால் அடுக்கியிருந்த கொள்கலன்கள் சீட்டுக்கட்டுச் சரிவது போலச் சரிந்து, நூற்றுக்கணக்கில் கடலில் விழுந்தன. அக்கப்பல் ஏற்றியிருந்த கொள்கலன்களில் சிலவற்றில் பூச்சிக்கொல்லி மருந்து இருந்தது. கப்பலின் எரிபொருள் தொட்டியிலிருந்து கறுத்த எண்ணெய் கசியத் தொடங்கியது. இந்தியக் கடலோரக் காவல் படையின் முயற்சியால் மூன்றாம் நாள் கசிவு நின்றது. அதற்குள் ஏறத்தாழ 800 டன் எண்ணெய் கடலில் கலந்துவிட்டது.

பெருங்கப்பல்கள் பயன்படுத்தும் எரிபொருள் பேருந்துக்கு ஊற்றும் டீசலைப் போன்றதன்று. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தபின் அடியில் எஞ்சும் தடித்த பகுதியே அது. குளிர்ந்தால் தார் போல் இறுகும். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். மீன்குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்போர், இதுவும் அவ்வாறே மிதக்கும் என எண்ணலாம். தொடக்கத்தில் மிதக்கத்தான் செய்யும். மெல்லிய எண்ணெயாக இருந்தால், ஒரு லிட்டர் அளவே வானவில் நிறம் காட்டும் படலமாக ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் விரியக்கூடும். தடித்த எண்ணெயின் போக்கு வேறு. அலைகள் அதை அடித்துக் கலக்கும்போது அது கடல்நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. மூன்று நான்கு மடங்காக ஊதிப் பழுப்பு நிறக் கூழாகிறது. கடலில் கொட்டியது நூறு டன் என்றால், கரையில் அள்ள வேண்டியது நூறு டன்னாக இராது.

மோதலுக்குப் பின் இரு துறைமுகங்களிலும் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எண்ணெயைக் காட்டிலும் கொள்கலன்களே இதற்கு முதற்காரணம். ஒரு கொள்கலன் ஏறத்தாழ ஒரு பேருந்தின் அளவுடையது. பாதி மூழ்கிய நிலையில் மிதக்கும் இரும்புப் பெட்டியை மாலுமியின் கண் எளிதிற் காணாது. அது மோதினால் கப்பலின் அடிப்பகுதி கிழியக்கூடும். எண்ணெயும் தன் பங்குக்குத் தடை செய்யும். கப்பல்கள் தம் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுப்பவை. அந்நீருடன் எண்ணெய்க் கூழ் சென்றால் குழாய்கள் அடைபடும். எண்ணெய் ஒட்டிய கப்பல் அடுத்த துறைமுகத்தையும் அழுக்காக்கும். கடற்படையும் கடலோரக் காவல் படையும் பாதையைத் துருவிப் பார்த்து, ஏறத்தாழ ஐந்து நாள்களுக்குப் பின்னரே கப்பல்களைப் படிப்படியாகச் செல்லவிட்டன.

மும்பைக்கு உல்லாசக் கப்பல்கள் வரும் பருவம் அக்டோபர் முதல் மே வரை. விபத்து நேர்ந்ததோ மழைக்காலத்தில். பயணிகள் கப்பல்கள் சிக்காமைக்கு அதுவே காரணம். அமெரிக்காவின் கால்வெஸ்டன் துறைமுகத்திற்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2014 மார்ச்சு 22 அன்று அங்கே ஓர் எண்ணெய்ப் படகும் சரக்குக் கப்பலும் மோதியதால், ஏறத்தாழ ஆறு லட்சம் லிட்டர் எண்ணெய் நீர்ப்பாதையில் கொட்டியது. பல்லாயிரம் சுற்றுலாப் பயணிகளுக்குரிய இரண்டு உல்லாசக் கப்பல்கள் பாதை திறக்கக் காத்திருந்தன. பின்னர் அவற்றுக்குத் தனி அனுமதி தரப்பட்டது. சில நாள்களில் பாதை மற்றக் கப்பல்களுக்கும் திறந்தது. பயணம் தாமதமானால் பயணிகள் வருந்துவர். கப்பல் நிறுவனம் பணம் இழக்கும். செய்தித்தாள்களும் அதைப் பெரிதாக எழுதும். ஆயினும் அந்த இழப்புக்கு ஒரு முடிவு நாள் உண்டு. கரைக்கு அத்தகைய நாளைக் குறிப்பது கடினம்.

ஜுஹு கடற்கரையில் மழைக்காலத்தில் நடந்தவர்களின் காலில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். கடலில் கலந்த எண்ணெய் வெயிலிலும் அலையிலும் பட்டு இறுகி உருண்டைகளாகிக் கரையொதுங்குவதே அது. தார் உருண்டை என்பர். எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும், ஏனெனில் எண்ணெயில் எண்ணெய் கரையும். ஒரு பாதத்தைத் துடைப்பது எளிது. ஒரு கடற்கரையைத் துடைப்பது எப்படி என்பதைச் சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர் மக்கள் அறிவர்.

2017 சனவரி 28 அன்று விடியற்காலையில், எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதின. கசிவு பெரிதன்று என்றே முதலிற் சொல்லப்பட்டது. இத்தகைய விபத்துகளில் முதல் நாள் சொல்லும் அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பின்னர் அது ஏறத்தாழ 200 டன் எனக் கணக்கிடப்பட்டது. எர்ணாவூர்க் கரையில் பாறைகளுக்கிடையே எண்ணெய்க் கூழ் முழங்கால் நனையும் அளவுக்குத் தேங்கியது. தெற்கே மெரினா வரை அதன் தடம் தெரிந்தது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் கொண்டுவரப்பட்டன. தடித்த கூழை இழுக்க முடியாமல் அவை திணறின. இறுதியில் வாளிகளே பயன்பட்டன. மீனவர், கடலோரக் காவல் படையினர், கல்லூரி மாணவர், தன்னார்வலர் என ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நின்று, வாளி வாளியாக மொண்டு கைமாற்றினர். வானூர்தியும் செயற்கைக்கோளும் உள்ள நாட்டில் வாளியா எனச் சிலர் எள்ளினர். கையுறையும் காலுறையும் போதிய அளவு இல்லாமல் மக்களை அதில் இறக்கியது தவறே. ஆனால் பாறை இடுக்கில் இறுகிய கூழை அள்ளுவதற்குக் கையைவிட நல்ல கருவி அன்று அங்கே இல்லை. சென்னைச் சந்தைகளில் மீன் விற்பனை சரிந்தது. கூழை அள்ளிய மீனவர்களே விற்பனையையும் இழந்தனர்.

எண்ணெய் கரையைத் தொடுமுன் அதைத் தடுக்க மிதவைத் தடுப்புகள் உண்டு. நீரின் மேல் நீண்ட தலையணை போல மிதந்து, எண்ணெய்ப் படலத்தைச் சுற்றி வளைக்கும் வேலி அது. 2020 சூலை 25 அன்று மொரீசியசுத் தீவின் பவளத்திட்டில் வாகாஷியோ என்னும் சப்பானியக் கப்பல் தரைதட்டியது. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கசிந்தது. போதிய தடுப்புகள் கைவசம் இல்லை. அத்தீவின் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, வெற்றுப் புட்டிகளை மிதவையாகக் கட்டித் தாமே வேலி செய்தனர். அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைக்கக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் தமிழரும் இருந்தனர். இன்றும் மொரீசியசு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைக் காணலாம். அம்மக்கள் விரைந்ததற்குக் காரணம் இருந்தது. அருகிலேயே பவளப் பாறைகளும் அலையாத்திக் காடுகளும் இருந்தன. மணலில் எண்ணெய் படிந்தால் அள்ளலாம். அலையாத்திக் காட்டில் அதற்கு வழியில்லை.

ட்ராம்பேயிலும் எலிபெண்டாவிலும் வளர்வது அலையாத்தியே. அலையை ஆற்றுவதால் அப்பெயர் என்பர். சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு இம்மரம் புதிதன்று. சேற்றில் காற்று புகாது. ஆகவே இம்மரம் தன் வேர்களில் சிலவற்றைப் பென்சில்களைப் போலச் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. தாழ் ஓதத்தின்போது எண்ணெய் அவ்வேர்களின் மேல் இறங்கிப் படிந்தால், நுண்துளைகள் அடைபட்டு மரம் திணறும், இலைகள் உதிரும். உள்ளே இறங்கித் துடைக்க முயன்றால், மிதிபட்டு எண்ணெய் சேற்றின் ஆழத்திற்குச் சென்றுவிடும். அங்கே காற்று இல்லாமையால், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகளின் வேலையும் மிக மெதுவாகவே நடக்கும். நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் அந்தச் சேறுதான். 2010இல் எலிபெண்டா, உரண், அலிபாக் பகுதிகளில் எண்ணெய் படிந்தது இத்தகைய கரைகளில்.

மும்பையின் பழங்குடிகளான கோலி மீனவர்கள் ட்ராம்பேயிலும் மாகுலிலும் வாழ்கின்றனர். மழைக்காலத்தில் அவர்கள் கடலுக்குச் செல்வதில்லை. ஆவணி முழுநிலவாகிய நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்தபின் மீன்பிடிப் பருவம் தொடங்கும். இரண்டு மாதம் வருவாயின்றிக் காத்திருந்தோர்க்குப் புதிய ஆண்டு பிறப்பதைப் போன்ற நாள் அது. 2010இல் அந்நாள் ஆகஸ்டு 24ஆம் நாள் வந்தது. கப்பல் பாதை திறந்து பத்து நாள்களுக்கு மேல் ஆகியிருந்தது. பெருங்கப்பல்கள் வழக்கம்போலப் போய்வந்தன. கோலி மகளிர் மீன்கூடையுடன் அமரும் சந்தைகளில், மீனைக் கையிலெடுத்தவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தனர்.