எல்லைப் படலங்களைக் காணும் கண்கள்

பொருள்களின் இயல்பைப் பெரிதும் தீர்மானிப்பவை அவற்றின் மேற்பரப்புகளே. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. ஒருசில நானோமீட்டர் தடிமனே உடைய அப்படலம்தான் அலுமினியப் பாத்திரத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. உயிருள்ள செல்லுக்கும் இத்தகைய காவல் உண்டு. வேண்டியதை உள்ளே விட்டு, வேண்டாததைத் தடுக்கும் செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர். இது தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்காகும்.

ஒளியின் வரம்பு

இவ்வளவு மெல்லிய படலத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பகுத்துக் காட்ட இயலாது. பெரிய அலை, சிறு கூழாங்கல்லால் தடைபடாமல் அதனைக் கடந்துவிடுவதுபோல, ஒளியலையும் தன்னைவிட மிகச் சிறிய நுட்பங்களைக் கடந்துவிடுகிறது. ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியே பகுதிறனின் எல்லை என்பதை 1873 ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் அபே விளக்கினார். அவ்வெல்லை சுமார் 200 நானோமீட்டர்.

எனினும், சவ்வைக் காணும் முன்பே அதன் அமைப்பு உய்த்துணரப்பட்டது. 1925 இல் கோர்ட்டர், கிரெண்டல் ஆகியோர் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பினர். அது அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு பரவியது. ஆகவே, சவ்வு இரண்டு கொழுப்பு அடுக்குகளால் ஆனது என அவர்கள் முடிவு செய்தனர்.

எலக்ட்ரான் காட்டியதும் மறைத்ததும்

1931 இல் எர்ன்ஸ்ட் ரஸ்கா, மேக்ஸ் நோல் ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. எனவே, செல் சவ்வு இரு கருங்கோடுகளாகவும் இடையே ஒரு வெளிர்கோடாகவும் கண்ணுக்குப் புலனாயிற்று.

ஆனால், இக்கருவியின் உள்ளே வெற்றிடம் தேவை. ஆதலால், செல்லை வேதிப்பொருள்களால் நிலைப்படுத்தி, உலர்த்தி, உலோக உப்புகளால் சாயமேற்ற வேண்டியிருந்தது. இதன் விளைவு எதிர்பாராதது. பாக்டீரியாவின் சவ்வு உள்மடிந்து ‘மீசோசோம்’ என்னும் உறுப்பாக அமைகிறது எனப் படங்களைக் கொண்டு கருதப்பட்டது. பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. பின்னர், செல்களை வேதிப்பொருளின்றி விரைந்து உறையவைத்துப் பார்த்தபோது அம்மடிப்புகள் தென்படவில்லை. அவை நிலைப்படுத்தும் முறையால் தோன்றியவை என்பது தெளிவாயிற்று.

தொட்டறியும் ஊசி

பார்வையற்றோர் பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிப்பதுபோல், மேற்பரப்பைத் தொட்டறிவது அணுவிசை நுண்ணோக்கி. 1986 இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகியோர் இதனை அறிமுகப்படுத்தினர். வளையும் மெல்லிய தகட்டின் முனையிலுள்ள கூரிய ஊசி மேற்பரப்பை வருடிச் செல்லும். தகட்டின் நுண்ணிய அசைவுகளை, அதில் பட்டுத் திரும்பும் லேசர் கதிர் பதிவு செய்யும். வெற்றிடம் வேண்டாமையால், நீரில் வாழும் செல்லையும் இதனால் ஆராயலாம். சவ்வு எவ்வளவு விறைப்பானது என்பதையும் அளக்கலாம்.

உறைநிலையில் உண்மை

நீர் மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் தோன்றிச் செல்லைச் சிதைக்கும். மிகக் குளிர்ந்த திரவ ஈத்தேனில் நொடிப்பொழுதில் அமிழ்த்தினால், நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகும். இம்முறையை ஜாக் டுபோஷே 1980களில் வளர்த்தெடுத்தார். இதன்வழி உருவான குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியியலுக்காக 2017 இல் அவருடன் ஃபிராங்க், ஹெண்டர்சன் ஆகியோரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

மிளகாயின் காரத்தையும் சுடுவெப்பத்தையும் உணரும் சவ்வுப் புரதத்தின் வடிவம் 2013 இல் இம்முறையால் வெளிப்பட்டது. இரண்டிற்கும் திறப்பது ஒரே வாயில் என்பதால்தான் காரம் ‘எரிகிறது’.

எல்லைகளை அறிதல் மருத்துவத்திற்கும் இன்றியமையாதது. சிலவகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு பல நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களை உள்ளே விடுவதில்லை. அச்சவ்வின் வாயில்களை அறிந்தால், அவற்றின் வழியே நுழையும் மருந்துகளை வடிவமைக்க முடியும். எனினும், எந்த ஒரு கருவியின் படமும் தனித்து முழுச்சான்றாகாது. ஒரு முறையில் கண்டதை மற்றொரு முறையால் சரிபார்த்த பின்னரே அறிவியல் அதனை ஏற்கிறது.