கை அடங்கினால் ஸ்கோன் எழும்

சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாவை எவ்வளவுக்கு அழுத்திப் பிசைகிறோமோ அவ்வளவுக்குப் பலன் உண்டு. ஸ்கோனில் அந்தக் கணக்கு தலைகீழ். பிரிட்டனில் மாலைத் தேநீரோடு ஜாமும் க்ரீமும் தடவிச் சாப்பிடும் இந்தச் சின்ன வட்ட ரொட்டிக்கு மைதா, வெண்ணெய், பால், சர்க்கரை, பேக்கிங் பவுடர் இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. ஆனாலும் முதல் முறை செய்கிற பலருக்குக் கல்லாகத்தான் வருகிறது. குற்றம் பெரும்பாலும் பொருளில் இல்லை, கையில்தான்.

நல்ல ஸ்கோனைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவந்திருக்கும். பக்கவாட்டில், பாதி உயரத்தில், சுற்றிலும் ஒரு வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துப் பிளந்தால், கத்தியே இல்லாமல் மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாக வந்துவிட வேண்டும். உள்ளே ஆவி பறக்கும் வெள்ளைப் பகுதி, கேக்கைவிடக் கொஞ்சம் முரடாக, பன்னைவிட எளிதில் உதிர்வதாக இருக்கும்.

இது ஸ்காட்லாந்தின் பண்டம். கவிஞர் கவின் டக்ளஸ் 1513இல் ஸ்காட்ஸ் மொழியில் செய்து முடித்த 'ஈனியட்' காவிய மொழிபெயர்ப்பிலேயே இதன் பெயர் வருகிறது. அந்தக் காலத்து ஸ்கோன் தட்டையானது. மாவை வட்டமாகத் தட்டி, கனமான இரும்புக் கல்லில் சுட்டு எடுத்தார்கள். உயர்ந்து எழும் இன்றைய ஸ்கோன் சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் வந்த பிறகு உருவானது. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃப்ரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843இல் ஒரு பேக்கிங் பவுடரைத் தயாரித்தார். ஒரு வீட்டின் தேவைக்காகப் பிறந்த அந்தப் பொடி உலகத்து அடுமனைகளையே மாற்றிவிட்டது.

மாவுக்குள் நடப்பது இதுதான். கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டு, கையும் பட்டால் இவை பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுவை வலையாகின்றன. ஈஸ்ட் போட்ட ரொட்டிக்கு அந்த வலை கட்டாயம் வேண்டும். மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் வாயுவை அதுதான் பிடித்து வைக்கிறது. ஸ்கோனில் அவ்வளவு காத்திருப்பு கிடையாது. பேக்கிங் பவுடரில் உள்ள சோடியம் பைகார்பனேட்டும் அமிலமும் ஈரம் பட்ட உடனே கார்பன் டை ஆக்சைடை விடத் தொடங்கும். ஓவன் சூட்டில் மிச்சமும் வெளியேறும். அந்தச் சில நிமிடங்களில் மாவு தடையில்லாமல் எழ வேண்டும். பிசைந்து இறுக்கிய மாவு எழாது, எழுந்தாலும் ரப்பராகும்.

வெண்ணெய்க்கு இங்கே இரண்டு வேலை. விரல் நுனியால் பிசறும்போது மாவுத் துகள்கள்மேல் படிந்து, தண்ணீர் புரதத்தை எளிதில் அண்டாமல் தடுக்கிறது. கரையாமல் தங்கும் சிறு துணுக்குகளோ ஓவனுக்குள் உருகி, இருந்த இடத்தில் குழியை விட்டுச் செல்கின்றன. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் நீர் உண்டு. அது ஆவியாகி அந்தக் குழிகளை விரிக்கிறது; ஏடு ஏடாகப் பிளவுபடுவது இதனால்தான். நீர் வற்றக் காய்ச்சிய நெய்யால் இந்த வேலை நடக்காது. வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். நம் ஊர்க் கோடைக்காலச் சமையலறையில் அது மேடையிலேயே இளகி மாவோடு கலந்துபோகும். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மாவுப் பாத்திரத்தோடு கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். உள்ளங்கையும் சூடுதான், அதை உபயோகிக்க வேண்டாம்.

அளவு: மைதா 225 கிராம், தலைதட்டி 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், குளிர்ந்த பால் 150 மி.லி. வெண்ணெயை ரொட்டித்தூள் பதத்துக்குப் பிசறி, சர்க்கரை சேர்த்து, பாலை ஊற்றி, மழுங்கிய கத்தியால் நாலு சுற்று கிளறுங்கள். மாவு கையில் சற்று ஒட்டத்தான் வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவினால் ஸ்கோன் வறண்டுபோகும். மேடையில் கொட்டி, இரண்டு முறை மடித்து, கனம் இரண்டரை செ.மீ. இருக்கும்படி தட்டினால் போதும். குழவி தேவையில்லை.

வெட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வட்ட அச்சை மாவில் தோய்த்து, நேராக அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். திருகினால் விளிம்பு மூடிக்கொள்ளும், ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாயும். மேலே பாலோ முட்டையோ தடவும்போது அது பக்கவாட்டில் வழிந்தாலும் இதே கதிதான்.

ஓவன் முன்பே 220 டிகிரியில் காய்ந்திருக்க வேண்டும். சூடு குறைந்தால், மாவு உறைந்து நிற்பதற்குள் வெண்ணெய் உருகி வெளியே ஓடிவிடும். 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும்.

பரிமாறும்போது, இங்கிலாந்தின் டெவனில் முதலில் க்ரீம், பிறகு ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம், பிறகு க்ரீம். இரண்டு மாவட்டத்தாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சூடான ஸ்கோனில் க்ரீம் உருகி வழிவதால், எனக்குக் கார்ன்வால் முறைதான் சரி.

ஸ்கோன் சுட்ட அன்றைக்கே ருசி. மறுநாள் வறண்டுவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வேண்டியதை மட்டும் சுட்டுவிட்டு, வெட்டிய மீதியைச் சுடாமலே ஃப்ரீசரில் வையுங்கள். அப்படியே எடுத்து ஓவனில் வைக்கலாம், இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.