பெரியகுளத்தைத் தாண்டிப் போன பாதைகள்

பெரியகுளம் 1886-லேயே நகராட்சி. தாலுகா தலைமையிடமும் அதுதான். வராக நதிக்கு இருபுறமும் வடகரை, தென்கரை என்று ஊர் விரிந்து கிடந்தது. அன்றைய தேனி, அல்லிநகரத்தை ஒட்டி ரோடுகள் கூடும் இடத்திலிருந்த சிற்றூர். ஆனால் 2011 கணக்கெடுப்பில் தேனி அல்லிநகரம் 94 ஆயிரம் பேரைத் தாண்டிவிட்டது. பெரியகுளம் 43 ஆயிரத்தை ஒட்டியே நின்றது. மண்ணும் தண்ணீரும் பெரியகுளத்துக்குக் குறை வைக்கவில்லை. விலகிப் போனவை பாதைகள்தான்.

முதலில் விலகியது கொடைக்கானல் பாதை. 1875-ல் மதுரைக்கு ரயில் வந்த பிறகு, மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இன்று அது கொடை ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தில் இருந்த கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து, குதிரையிலோ ஆள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறுவார்கள். 1910-களில் வத்தலக்குண்டு பக்கமிருந்து மோட்டார் ரோடு போட்டதும் கொடைக்கானலின் வாசல் அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு ரோடு இருக்கிறது. பலத்த மழை பெய்தால் மண் சரிகிறது.

அடுத்தது ரயில். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேரும். ஏலக்காய்க்கும் போடிதான் சந்தை. அதனால் 1928-ல் மதுரையிலிருந்து போட்ட மீட்டர்கேஜ் பாதை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று போடிக்கே நேராக ஓடியது. பெரியகுளம் அதற்கு வடக்கே 16 கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் ரோடும் இந்த ரயிலும் சந்தித்த இடம் தேனி. சரக்கு வண்டி மாறும் இடத்தில் சுமைகூலி, கிட்டங்கி, தராசு, தரகு, கடன் எல்லாம் சேரும். பின்னாலேயே லாட்ஜும் ஓட்டலும் வரும்.

இனிதான் விசித்திரம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடிய தடத்தில் தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். இரண்டு முறை ரயிலை இழந்தும் தேனி சுருங்கவில்லை. 1996-ல் புதிய மாவட்டம் பிறந்தபோது தலைநகரும் ஆனது.

ரெமி ஜெட்வாப், அலெக்சாண்டர் மொராடி என்ற பொருளியலாளர்கள் கானா நாட்டில் இதையே கண்டார்கள். ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதைகள் பிற்காலத்தில் சீரழிந்தன. அவற்றையொட்டி எழுந்த நகரங்களோ பெரியவையாகவே நீடித்தன. கடையும் வங்கியும் ஆட்களும் ஓரிடத்தில் கூடிவிட்டால், அடுத்து வருகிறவர் ரயிலைப் பார்த்து வருவதில்லை; கூட்டத்தைப் பார்த்து வருகிறார்.

புறநகருக்கும் ஒரு கணக்கு உண்டு. மனிதர்கள் போய்வர ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரம்தான் செலவிடுகிறார்கள் என்றார் இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி. போக அரை மணி, திரும்ப அரை மணி. நடந்து போகிறவருக்கு ஊர் இரண்டரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். மணிக்கு முப்பது கிலோமீட்டரில் பைக் ஓட்டுகிறவருக்கு அதுவே பதினைந்து. தேனிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவிலுள்ள லட்சுமிபுரம், கைலாசபட்டி எல்லாம் இந்த அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

ரயில் வளர்க்கும் புறநகர் வேறு, ரோடு வளர்ப்பது வேறு. 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தபின் சென்னை தெற்கே ஸ்டேஷன் ஸ்டேஷனாக வளர்ந்தது. ரோட்டில் பைக்கை எங்கும் நிறுத்தலாம். ஊர் இடைவெளியில்லாமல் வால்போல நீளும். எங்கள் பக்கத்தில் ரோட்டிலிருந்து கிளைப்பாதை பிரியும் இடத்தை ‘விலக்கு’ என்போம். அது ஒவ்வொன்றும் ஒரு புதிய ஊரின் விதை. க.விலக்கு இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம். ரோடு ஊரின் மையத்தைக் கரைக்கவும் செய்யும். அமெரிக்காவில் நகரின் நடுவே போன ஒவ்வொரு விரைவுச்சாலையும் அந்த மைய நகரின் மக்கள்தொகையைச் சுமார் 18 சதவீதம் குறைத்ததாக நதானியேல் பாம்-ஸ்னோ 2007-ல் கணக்கிட்டார். போனவர்கள் குடியேறியது புறநகரில்.

திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு ரயில் வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் கையில் இப்போது இருப்பது திண்டுக்கல்–குமுளி சாலையின் பைபாஸ். அதன் இருபுறமும் வயலும் மாந்தோப்பும் பிளாட் ஆகி, ஒவ்வொரு கடையும் நேராகச் சாலையில் வாசல் வைத்தால், சில ஆண்டுகளில் பைபாஸுக்கே ஒரு பைபாஸ் கேட்போம். பிரிட்டன் இதைத் தடுக்க 1935-லேயே சட்டம் போட்டது. நம் நாட்டிலும் தேசிய நெடுஞ்சாலையில் வாசல் திறக்க அனுமதி வேண்டும் என்கிற 2002-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பைபாஸ் ஓரம் பிளாட் வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் அந்த அனுமதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.