அடைப்பை அளப்பவர் யார்?

ஸ்டென்ட் பரீட்சைகளில் சுயேச்சை ஆய்வகங்களின் பணி

திருவண்ணாமலையில் நெஞ்சுவலி கண்ட ஒருவரை இவ்வூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, வேலூருக்கோ, புதுச்சேரிக்கோ கொண்டுபோய் ஆஞ்சியோ எடுத்தால், வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது, ‘அடைப்பு எத்தனை சதவீதம்?’ என்பதுதான். எழுபது என்றோ தொண்ணூறு என்றோ வரும் அந்த விடை, பெரும்பாலும், திரையில் ஓடும் படத்தைக் கண்டு பழகிய கண்ணின் மதிப்பீடு. நோயாளியின் தேகநிலை, மற்றப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சீர்தூக்கும் வைத்தியருக்கு, சிகிச்சையை நிர்ணயிக்க அது பல வேளைகளில் போதுமானது. ஆனால் விரித்த இரத்தக் குழாயைத் தாங்கி நிற்கும் சிறு வலைக்குழலாகிய ஸ்டென்ட்டில் புதியது ஒன்று பழையதைக் காட்டிலும் மேலானதா என்று நூற்றுக்கணக்கானோரிடம் பரீட்சித்து, அதன் முடிவை உலகமே நம்பிக் கைக்கொள்ள வேண்டும் என்கிறபோது கண்மதிப்பு போதாது. அவ்விடத்தில்தான், ‘கோர் லேப்’ என்று மருத்துவ உலகம் வழங்கும் சுயேச்சை ஆய்வகங்களுக்கு வேலை பிறக்கிறது. பரீட்சை நடக்கும் எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படங்களைப் பெற்று, ஒரே முறையில், ஒரே அளவுகோலால் அளந்து சொல்வதே அவற்றின் பணி.

கண் ஏன் போதாது?

அமெரிக்காவில் ஏழு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்றவர்களின் படங்களை மறுபடி அளந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, வைத்தியர்கள் கண்ணால் சொன்ன அடைப்பு, கணினி அளவைக் காட்டிலும் சராசரியாகச் சுமார் 8 சதவீதப் புள்ளிகள் மிகுந்திருந்ததைக் காட்டியது. இது எவருடைய நேர்மையையும் குறை கூறுவதன்று. குறுகலை நீக்கப் போகிறவரின் கண்ணுக்குக் குறுகல் சற்றுப் பெரிதாகத் தெரிவதும், நீக்கி முடித்தவரின் கண்ணுக்கு எஞ்சியது சற்றுச் சிறிதாகத் தெரிவதும் மனித சுபாவம்.

கோணமும் ஒரு காரணம். கோயிலின் பக்கமிருந்து ஒற்றைச் சிகரமாக ஓங்கி நிற்கும் அண்ணாமலை, கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைக் கடந்து செல்பவருக்கு ஐந்து முகமாகத் தோன்றுவதுபோல, ஒரு பக்கமாகவே கொழுப்பு படிந்த இரத்தக் குழாய் ஒரு கோணத்தில் விசாலமாகவும் வேறொரு கோணத்தில் நூலிழையாகவும் தெரியும். எந்தக் கோணத்தை நம்புவது என்பதைப் பார்ப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், முடிவும் அவர் விருப்பத்தின் வழியே போய்விடக்கூடும்.

அளக்கும் விதம்

ஆகையால் ஒழுங்கு படம் எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. குழாய் சுருங்கி விரியும் தன்மையுடையதாதலால், முதலில் நைட்ரோகிளிசரின் என்னும் மருந்தைச் செலுத்தி அதை முழுதும் விரியச் செய்கிறார்கள். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி, குறைந்தது 30 டிகிரி விலகிய இரண்டு கோணங்களில் படம் எடுத்து, அவற்றைக் குறித்துவைத்து, மாதங்கள் கழித்து மறுபடி எடுக்கும்போதும் அதே கோணங்களில் எடுக்கிறார்கள். பின்பு பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்டு, வெறும் எண்ணைத் தாங்கிய படம் ஆய்வகம் போய்ச் சேருகிறது.

அங்கே அளவுகோலாக நிற்பது, சாயம் செலுத்தும் மெல்லிய குழலாகப் படத்திலேயே தெரியும் கதீட்டர். ‘6 பிரெஞ்ச்’ என்னும் கதீட்டரின் விட்டம் 2 மி.மீ. என்பது தெரிந்த விஷயமாகையால், திரையில் அதன் அகலத்தைக் கொண்டு மற்ற யாவற்றையும் மில்லிமீட்டரில் கணித்துவிடலாம். இருதயம் விரிந்து ஓய்ந்திருக்கும் கணத்துப் பிம்பத்தைத் தேர்ந்தெடுத்ததும், கணினி குழாயின் இரு கரைகளையும் வரைந்து, மிகக் குறுகிய இடத்தின் விட்டத்தையும், குறுகாதிருந்தால் அங்கே இருந்திருக்க வேண்டிய விட்டத்தையும் தருகிறது. 3 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.9 மி.மீ. மட்டுமே இருந்தால் அடைப்பு 70 சதவீதம். ஸ்டென்ட் வைத்த பகுதியோடு அதன் இரு முனைகளுக்கும் அப்பால் 5 மி.மீ. வரையிலும் அளக்கிறார்கள், ஏனெனில் குழாய் மறுபடி குறுகுவது அந்த ஓரங்களிலும் நேரலாம். அளப்பவருக்கு நோயாளி யார் என்பது தெரியாது. எந்தச் சிகிச்சை நடந்தது என்பதையும் கூடியமட்டில் மறைத்தே வைக்கிறார்கள். சில படங்களை வேறொருவரிடம் கொடுத்து அளக்கச் செய்து, இருவர் கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் சோதிக்கிறார்கள்.

அரை மில்லிமீட்டரின் மதிப்பு

இருதயக் குழாயைத் தனியே படம் பிடிக்கும் வித்தையை மேசன் சோன்ஸ் 1958-இல் கிளீவ்லாண்டில் தொடங்கி வைத்தார். 1977 செப்டம்பர் 16-இல் ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் சூரிச்சில் பலூனால் இருதயக் குழாய் அடைப்பை முதன்முதலாக விரித்தார். விரித்த குழாய் மறுபடி எவ்வளவு குறுகுகிறது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. அதற்கு விடை தேடும் முயற்சியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரம் முன்னின்றது. கார்டியாலிசிஸ் என்னும் ஆய்வகம் 1983-இல் அங்கே ஏற்பட்டது.

சிகிச்சை முடிந்தவுடன் இருந்த விட்டத்திலிருந்து, மாதங்கள் கழித்து இருக்கும் விட்டத்தைக் கழித்தால் கிடைப்பதை ‘லேட் லாஸ்’ என்கிறார்கள். 2002-இல் வெளியான ராவெல் பரீட்சையில், 238 நோயாளிகளில் சாதாரண ஸ்டென்ட் பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் 0.80 மி.மீ. இழப்பு நேர்ந்திருக்க, மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்றவர்களுக்கு இழப்பே இல்லை என்று சொல்லத்தக்க அளவு வந்தது. உலகெங்கும் சிகிச்சை முறை மாறுவதற்கு அது ஒரு பெரிய காரணமாயிற்று.

நற்செய்தியை மட்டுமன்றிக் கசப்பான உண்மையையும் இதே அளவுகோல் வெளிப்படுத்தியிருக்கிறது. காலப்போக்கில் கரைந்து மறையும் என்ற ஆசையோடு இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த அப்சார்ப் சாதனத்தை, 501 நோயாளிகளிடம் மூன்றாண்டு கவனித்த பரீட்சையின் முடிவு 2016-இல் வெளியாயிற்று: அதில் லேட் லாஸ் 0.37 மி.மீ.; உலோக ஸ்டென்ட்டில் 0.25 மி.மீ. சாதனத்துக்குள் இரத்தம் உறையும் ஆபத்தும் பிற பரீட்சைகளில் மிகுந்து காணவே, 2017-இல் அதன் விற்பனை நின்றது. குஜராத்தின் வாபி நகரத்து மெரில் நிறுவனம் செய்த கரையும் சாதனம், நமது நாட்டின் 13 மையங்களில் 108 பேரிடம் பரீட்சிக்கப்பட்டபோது, ஆறாம் மாத லேட் லாஸ் 0.15 மி.மீ. என்று தெரியவந்தது. இவ்வளவு சூட்சுமமான வித்தியாசத்தை எந்தப் பழகிய கண்ணும் திரையில் கண்டு சொல்லிவிட இயலாது.

எல்லைகளும் நமது கடமையும்

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. உலோக ஸ்டென்ட் படத்தில் தெரிந்துவிடுமாதலால், அளப்பவரிடமிருந்து சிகிச்சையை முற்றிலும் மறைப்பது எப்போதும் சாத்தியமன்று. ஆய்வகத்தின் கூலியும் பல வேளைகளில் சாதனம் செய்யும் நிறுவனத்திடமிருந்தே வருகிறது. அளக்கும் விதிகளைப் படம் வந்து சேருவதற்கு முன்பே எழுதிவைத்து, முடிவு எதுவாயினும் பிரசுரமாகும் என்ற உறுதியையும் பெற்றுக்கொண்டால்தான், சுயேச்சை என்ற சொல்லுக்கு உயிர் இருக்கும்.

மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்த பிறகு, விலையை வைத்தே தரத்தை ஊகிக்கும் பழக்கத்துக்கு இடமில்லாமற் போயிற்று. நிரூபணம் ஒன்றே வழிகாட்ட வேண்டியதாயிற்று. 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவப் பரீட்சைப் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். முடிவை மதிப்பிடுபவருக்குச் சிகிச்சை விவரம் மறைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அதில் பதிவாகிறது. பரீட்சையில் சேரும்படி அழைக்கப்படும் நம் ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும், என் படத்தை யார் அளக்கிறார்கள், அவர்களுக்கு இந்த முடிவில் லாபம் உண்டா என்று கேட்கும் உரிமை உண்டு. அதற்குத் தெளிந்த தமிழில் விடை சொல்லுவது அழைப்பவரின் கடமை.

ஸ்டென்ட் செய்யும் திறமையில் நமது தேசம் முன்னேறிவிட்டது. அதே சிரத்தையோடு அளக்கும் திறமையையும் வளர்த்து, அரசு மருத்துவக் கல்லூரிகளில் கணினியும் கதிரியலும் கற்ற இளைஞரை இப்பணிக்குப் பயிற்றுவித்தால், சாதனமும் நம்முடையதாக, அதைப் பற்றிய சாட்சியமும் உலகம் நம்பத்தக்கதாக அமையும். தன் இருதயத்தைப் பரீட்சைக்கு ஒப்படைக்கும் ஏழை நோயாளிக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, பட்சபாதமற்ற அளவேயாகும்.